பிரேசஸ் போட்ட மகன், தீபாவளி முறுக்கு, பிரஷ் சண்டை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகன் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று படிக்கிறான். பல் ரொம்ப நெருக்கம் என்று மேலே இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டு, போன மாதம்தான் மேல் வரிசை கீழ் வரிசை இரண்டுக்கும் பிரேசஸ் (பல்லைச் சீராக்கும் கம்பி) போட்டார்கள். பல் மருந்தகத்தில் கொடுத்த தாளில் கடினமானது வேண்டாம், ஒட்டுவது வேண்டாம், நன்றாகப் பல் துலக்கவும் என்று இருக்கிறது, அவ்வளவுதான். கடினம் என்றால் எதுவரைக்கும் கடினம்? அடுத்த மாதம் தீபாவளி. மாமியார் இப்போதே முறுக்கு உரலைக் கழுவிக் காய வைத்துவிட்டார். பேரன் சாப்பிடக்கூடாது என்று சொன்னால் "ஒரு முறுக்கு சாப்பிட்டா பல்லு என்ன கொட்டியா போயிடும்" என்கிறார்.

இன்னொன்று. நேற்று கீழே கடைவாய்ப் பக்கம் ஒரு பிராக்கெட் (பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் சின்னத் துண்டு) கழன்றுவிட்டது. கீழே விழவில்லை, கம்பியிலேயே கோத்தபடி முன்னும் பின்னும் நகர்கிறது. வலி இல்லை என்கிறான். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு மூன்று வாரம் இருக்கிறது. காத்திருக்கலாமா, உடனே போக வேண்டுமா?

இதையெல்லாம் விடப் பெரிய பாடு பல் துலக்க வைப்பது. காலையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு பேருந்துக்கு ஓடுகிறான். பள்ளியில் இடைவேளைக்கு அப்புறம் துலக்கச் சொன்னால் கூட்டாளிகள் சிரிப்பார்களாம். ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகிறது, பிரேசஸுக்கு மெடிசேவில் (மருத்துவச் சேமிப்புக் கணக்கில்) எடுக்கவும் முடியாது. கைக்காசு போட்டுச் செய்வது வீணாகிவிடக்கூடாதே என்று வயிறு எரிகிறது. பிள்ளைகளுக்குப் போட்டவர்கள், தாங்களே போட்டுக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பல்செட்_மாலா

அக்கா, நான் பல் மருந்தகத்தில் உதவியாளர். மருத்துவர் இல்லை, அதனால் உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

முதலில் அந்தப் பிராக்கெட். இன்றைக்கே மருந்தகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். ஓடிப் போக வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் சொல்லாமல் மூன்று வாரம் விடவும் கூடாது. பிராக்கெட் ஒட்டாத பல்லைக் கம்பி இழுக்காது, அந்தப் பல் மட்டும் சும்மா நிற்கும், சில சமயம் பின்னாலும் போகும். அதோடு மீண்டும் ஒட்ட நேரம் ஒதுக்க வேண்டும். நீங்கள் சொல்லாமல் அந்த நாளில் போய் நின்றால் ஒட்டுவதிலேயே நேரம் போய்விடும், கம்பி மாற்றுவது தள்ளிப்போகும். அதுவரைக்கும் அதைப் பிடுங்க முயற்சி செய்ய வேண்டாம். கன்னத்தில் உரசினால் அவர்கள் கொடுத்த மெழுகைப் பட்டாணி அளவு கிள்ளி, விரலில் உருட்டி, பிராக்கெட்டைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு அதன்மேல் அமுக்கிவிடுங்கள். ஈரத்தில் மெழுகு ஒட்டாது, நிறையப் பேர் அதைத் துடைக்காமல் வைத்துவிட்டு மெழுகே சரியில்லை என்பார்கள். முழுசாகக் கழன்று கையில் வந்தால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். இருமல் நிற்கவில்லை, மூச்சு விடச் சிரமம் என்றால் மட்டும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. நீங்கள் முறுக்கைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குப் பிரஷ்ஷைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பிராக்கெட் உடைந்தால் ஒட்டிவிடலாம், கொஞ்சம் நேரமும் காசும் போகும். ஆனால் பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படலம் படிந்து கிடந்தால் அதிலிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், அந்த அமிலம் எனாமலில் இருக்கும் தாதுவைக் கரைக்கும், சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். சரியாகத் துலக்காவிட்டால் நாலே வாரத்தில்கூட வரலாம். பிரேசஸை எடுக்கும் நாளில், பல் நேராக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் இருந்த இடம் சதுரமாக நல்ல நிறத்திலும் சுற்றி வெள்ளை வளையமாகவும் தெரியும். அம்மாக்கள் முகம் அப்போது போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். ஆரம்ப நிலையில் கொஞ்சம் மங்கும், முழுசாகப் போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

எங்கே வரும் என்பதையும் சொல்கிறேன். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை மாதிரி இடம் இருக்கிறதே, அங்கேதான். அதிலும் மேல் வரிசையில் நடு முன்பல் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் சின்னப் பல்லில் அதிகம். பையன்கள் பிரஷ்ஷைப் பிராக்கெட்டின் மேல் தேய்ப்பார்கள், இரும்பு பளபளவென்று இருக்கும், ஈறோரம் அப்படியே இருக்கும். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்: முதலில் ஈறும் பல்லும் சேரும் இடத்தை நோக்கி, அப்புறம் பிராக்கெட்டின் மேல் பக்கத்திலிருந்து கீழாக, பிறகு கீழ்ப் பக்கத்திலிருந்து மேலாக. ஒரு பல்லுக்கு அந்த மூன்று சாய்வும் வர வேண்டும். அதற்குப் பின் பல்லிடுக்குக் குட்டி பிரஷ், கிறிஸ்மஸ் மரம் மாதிரி நுனி சிறுத்து இருக்கும், அதைக் கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக விட்டு ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். கார்டியன், வாட்சன்ஸ் மாதிரி மருந்துக் கடை எங்கேயும் கிடைக்கும். ஈறில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தக்கூடாது, அங்கே அழுக்கு இருப்பதால்தான் இரத்தம் வருகிறது.

பையனிடம் நீங்கள் வாயால் சொல்லிப் பயன் இல்லை. பல்லில் உள்ள அழுக்கை நிறம் காட்டும் மாத்திரை ஒன்று இருக்கிறது, உங்கள் மருந்தகத்தில் கேளுங்கள். துலக்கி முடித்துவிட்டு அதைக் கடித்துத் துப்பிக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் அழுக்கு எல்லாம் ரோஸ் கலரில் நிற்கும். சனி ஞாயிறில் செய்யுங்கள், உதடும் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும்.

கோப்பி_ஓ_கோசோங்

மாலா சொன்னதற்கு ஒரு ஓட்டு. நான் நாற்பதை நெருங்கும்போது பிரேசஸ் போட்டுக்கொண்டவன், தஞ்சோங் பகாரில் வேலை, மதியம் உணவங்காடிச் சாப்பாடு, கூட வருகிற எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

சாப்பாட்டில் எது ஆகாது என்பதை விட எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதுதான் விஷயம் சகோதரி. ஆப்பிளை வெட்டித் துண்டாக்கிக் கடைவாயில் மென்றால் ஒன்றும் ஆகாது, முழுசாகக் கடித்தால் முன்பல் பிராக்கெட் போச்சு. சாத்தே இறைச்சியைக் குச்சியிலிருந்து பல்லால் இழுக்காமல் முள்கரண்டியால் தட்டில் தள்ளிவிட்டுச் சாப்பிடலாம். ஆட்டெலும்பு சூப்பில் எலும்பைக் கடித்து உறிஞ்சுகிற சுகம் மட்டும் கொஞ்ச காலத்துக்கு இல்லை. பபிள் டீ முத்து கம்பிக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு) சாப்பிடலாம், ஐஸ் கட்டியைக் கடிக்கக்கூடாது. இட்லி, இடியாப்பம், புட்டு, பரோட்டா எல்லாம் தாராளமாகப் போகும். கம்பி இறுக்கின இரண்டு மூன்று நாள் அதுகூட வலிக்கும், அப்போது கஞ்சிதான், தேவைப்பட்டால் பாரசிட்டமால்.

முறுக்கு விஷயம்: உங்கள் மாமியார் செய்யும் முறுக்கு வெண்ணெய் போட்டு வாயில் வைத்ததும் கரையும் ஜாதியா, அல்லது கல் முறுக்கா? கரையும் ஜாதி என்றால் சின்னச் சின்னதாக உடைத்துச் சாப்பிடட்டும். சீடை, தட்டை, கடலை மிட்டாய், எள்ளுருண்டை இந்த நாலும் கூடவே கூடாது. பொங்கலுக்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) கட்டுக்கட்டாக வைத்திருப்பார்களே கரும்பு, அதையும் மறந்துவிடச் சொல்லுங்கள். பாட்டிக்கு மனசு ஆற வேண்டுமென்றால் ரவா லட்டு, அதிரசம், ஓமப்பொடி செய்யச் சொல்லுங்கள். ஆனால் இனிப்பு எதுவானாலும் ஒரே தடவையில் சாப்பிட்டு முடித்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும், நாள் முழுக்கக் கொறிக்கக் கூடாது. ஒவ்வொரு வாய் இனிப்புக்கும் வாய் மறுபடி பழைய நிலைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும் என்றார் என் மருத்துவர். பத்து நிமிடத்துக்கு ஒரு மிட்டாய் என்றால் பல் எப்போதும் அமிலத்திலேயே ஊறுகிறது.

அதனால்தான் நான் முறுக்கை விட மைலோ பெங் (ஐஸ் மைலோ), பண்டோங் (ரோஸ் பால்) மாதிரி இனிப்புப் பானங்கள் மேல்தான் கண்ணாக இருப்பேன். கேண்டீனில் ஒரு கப் வாங்கி ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள் பிள்ளைகள். பள்ளியில் துலக்க வெட்கமா, சரி, விடுங்கள். சாப்பிட்டதும் தண்ணீரை வாயில் நிறைத்து நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்தால் போதும் என்று ஒப்பந்தம் போடுங்கள், இரவில் மட்டும் ஏமாற்றக்கூடாது. இங்கே குழாய்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கிறது, தண்ணீர் பாட்டிலைக் குழாயில் நிரப்பிக் கொடுத்தாலே போதும்.

ஒரு குறிப்பு: பிராக்கெட்டில் கம்பியைப் பிடித்து வைக்கப் போடும் ரப்பர் வளையத்தில் வெள்ளை அல்லது நிறமில்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு பிரியாணி, ஒரு மீன் தலைக் கறி, முடிந்தது கதை, மஞ்சள் ஏறிவிடும். அடர் நீலம், கறுப்பு, ஊதா நம் சாப்பாட்டுக்குத் தாங்கும்.

உட்லண்ட்ஸ்_வாசி

இவ்வளவு செலவு ஏன்? எங்கள் உறவுக்காரர்கள் திருச்சியில் போட்டார்கள், இங்கே ஆகிற காசில் பாதிகூட இல்லை. மலேசியாவில் ஜொகூர் பாருவிலும் மலிவு. விடுமுறைக்குப் போகும்போது போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

பல்செட்_மாலா

அண்ணே, ஜொகூர் என்றால் மாதா மாதம் பாலம் தாண்டத் தயாராக இருப்பவர்களுக்குச் சரி. திருச்சி கணக்கு வேறு. பிரேசஸ் ஒரு நாள் வேலை இல்லை, நாலிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அது ஒன்றரை இரண்டு வருடம் போகும். அங்கே போட்டுவிட்டு இங்கே வந்து "கம்பி மட்டும் மாற்றிவிடுங்கள்" என்று கேட்டால் பல மருந்தகங்கள் எடுக்கத் தயங்கும், எடுத்தாலும் திட்டத்தை முதலிலிருந்து போட்டுப் புதுக் கட்டணம் சொல்வார்கள். மலிவு என்று இணையத்தில் வீட்டுக்கு வந்து ஃபேஷன் பிரேசஸ் போடுகிறேன் என்பவர்களிடம் மட்டும் யாரும் போய்விடாதீர்கள், அது சட்டத்துக்கே புறம்பு. மருத்துவர் பெயர் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா, பல் சீரமைப்பு நிபுணராகப் பதிவு செய்திருக்கிறாரா என்று இணையத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். பொதுப் பல் மருத்துவர்களும் பிரேசஸ் போடுகிறார்கள், அதில் தப்பில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஈசூன்_தம்பி

ஆன்ட்டி, எனக்குத் தேசிய சேவைக்குப் போகும் முன்னால்தான் பிரேசஸ் கழற்றினார்கள். யாரும் ரப்பர் பேண்டைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கு இப்போது இல்லாவிட்டாலும் பின்னால் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் குட்டி ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்வார்கள். அதுதான் கடி சரியாவதற்கு. ஒரு நாளைக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டும், சாப்பிடும்போதும் துலக்கும்போதும்தான் கழற்றலாம், தினமும் புதுசு போட வேண்டும். பகலில் வெட்கமாக இருக்கிறது, இரவில் மட்டும் போடுகிறேன் என்றால் பல் இரவில் வந்து பகலில் திரும்பிப் போய்விடும். நேற்று விட்டதற்கு இன்று இரண்டாக மாட்டினால் வேகமாக வேலை செய்யும் என்று என் கூட்டாளி ஒருவன் செய்தான். அது பல்லுக்கும் வேருக்கும் நல்லது இல்லையாம், சிகிச்சை சீக்கிரமும் முடியவில்லை. பல் நகர்வது எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்வதால்தான், எப்படிப் பார்த்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் போகும் என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை (பாடத்துக்கு வெளியே விளையாட்டு, இசை மாதிரி) என்ன எடுத்திருக்கிறான்? காற்பந்து, ஹாக்கி, தற்காப்புக் கலை என்றால் பிரேசஸுக்கென்று இருக்கும் பல் காப்பு கேளுங்கள். சுடுதண்ணீரில் போட்டுக் கடித்துப் பதிய வைக்கும் சாதாரண ரகம் வேண்டாம், அது பிராக்கெட்டைச் சுற்றி இறுகிவிடும், பல் நகர நகரப் பொருந்தவும் பொருந்தாது. பள்ளி இசைக்குழுவில் டிரம்பெட் ஊதுகிறவன் என்றால் முதல் சில வாரம் உதட்டின் உள்பக்கம் புண்ணாகும், மெழுகு வைத்துக்கொண்டு ஊதலாம், பழகிவிடும்.

சூயிங் கம் சாப்பிடாதே என்று நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. 1992லிருந்து அதை அரசாங்கமே நமக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஹாஹா. 2004க்குப் பிறகு பற்களுக்கான மருத்துவ கம் மருந்தாளரிடம் கிடைக்கிறது, ஆனால் கம்பியோடு அதையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. போன் பண்ணினேன், வியாழக்கிழமை வரச் சொல்லி ஒட்டிவிட்டார்கள். நிறம் காட்டும் மாத்திரையும் வாங்கி வந்தேன். மாலா, நீங்கள் சொன்ன இடத்தில்தான், மேலே அந்தச் சின்னப் பல் இரண்டிலும் ஈறோரம் கோடு போட்ட மாதிரி ரோஸ். "நான் இப்பத்தானே துலக்கினேன்" என்று கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மறுபடி குட்டி பிரஷ்ஷை எடுத்து அவனாகவே தேய்த்துத் தேய்த்து அந்த நிறம் போகும் வரைக்கும் குளியலறையை விட்டு வரவில்லை, தங்கைக்காரி வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த மாமியார் முறுக்கை வெண்ணெய் முறுக்காகவே பிழிகிறேன் என்று இறங்கி வந்துவிட்டார். சீடைக்குத்தான் இன்னும் பேச்சுவார்த்தை.

ஒரு கேள்வி மிச்சம். டிசம்பர் விடுமுறையில் தஞ்சாவூருக்குப் போகிறோம், ஒரு மாதம். அங்கே கம்பி குத்தினால் என்ன செய்வது? தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவியைக் கொண்டுபோனால் பிரஷ் வேலை குறையுமா?

பல்செட்_மாலா

குறையாது அக்கா. தண்ணீர் பீய்ச்சினால் மாட்டிக்கொண்ட சோறும் கீரையும் வெளியே வரும், ஒட்டிய படலம் தேய்க்காமல் வராது. பெட்டியில் இடம் இருந்தால் எடுத்துப் போங்கள், பிரஷ்ஷுக்குப் பதிலாக என்று அவன் நினைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வைத்து, ஒரு மாதம் ஊரில் இருப்போம் என்று சொல்லுங்கள். மெழுகு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். என்ன கம்பி, என்ன மாதிரி பிராக்கெட் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கே அவசரமாக யாரிடமாவது காட்ட நேர்ந்தால் உதவும். பின்னால் கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் முதலில் மெழுகு. மெல்லிய கம்பியாக இருந்தால் பென்சிலின் ரப்பர் முனையை நன்றாகக் கழுவிவிட்டு, அதால் மெதுவாகப் பல் பக்கம் மடக்கிவிடலாம். வெட்டுவது கடைசி வழி. வெட்டியே ஆக வேண்டுமென்றால் அங்கே ஒரு பல் மருத்துவரிடம் போங்கள், வீட்டிலேயே செய்தால் வெட்டிய துண்டு தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. புண் இருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம்.

பற்பசை இங்கே வாங்கியதையே கொண்டுபோங்கள். ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பெரும்பாலானவற்றில் 1450 வரை இருக்கும், டியூபிலேயே போட்டிருப்பார்கள். துலக்கிய பிறகு நுரையைத் துப்பட்டும், தண்ணீர் விட்டு அலசித் தள்ள வேண்டாம், அந்த ஃபுளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

கோப்பி_ஓ_கோசோங்

அப்புறம் இறுக்கின வலிக்கு ஒரு சின்ன வழி. ஆரம்பத்தில் போடும் கம்பி பெரும்பாலும் நிக்கல் டைட்டானியம், அதில் சில ரகம் வாய்ச் சூட்டுக்கு விறைக்கும், குளிர்ந்தால் தளரும். ஐஸ் தண்ணீரை வாயில் கொஞ்சம் வைத்திருந்தால் இழுப்பு தற்காலிகமாகக் குறைந்து சுகமாக இருக்கும். அவனுக்கு எந்த ரகம் என்று அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஈசூன்_தம்பி

இது இரண்டு வருடம் கழித்து உதவும், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி. பிரேசஸ் எடுத்ததும் ரிடெய்னர் கொடுப்பார்கள், பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்க. பையன்கள் சாப்பிடும்போது அதைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைப்பார்கள். இப்போதுதான் சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து. தட்டோடு டிஷ்யூ போய்விடும், ரிடெய்னரும் போய்விடும். தட்டு திருப்பி வைக்கும் இடத்தில் நின்று எச்சில் தட்டுகளைக் கிளறுகிற பள்ளிச் சீருடைப் பையனைப் பார்த்தால் அதுதான் விஷயம். டப்பா இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள், டப்பா பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீர் போதும்.

செங்காங்_அம்மா

டப்பா ஆரஞ்சு நிறத்தில் வாங்கிவிடுகிறேன் தம்பி. அவன் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறான், கேட்டீர்களே. மெழுகு வைத்து வாசித்துப் பார்த்தானாம், முதல் பாட்டு முடிவதற்குள் மெழுகு வாய்க்குள் வந்துவிட்டதாம்.

பல்செட்_மாலா

கிளாரினெட் என்றால் கீழுதடுதான் பல்லின் மேல் மடிந்து அழுந்தும். கீழ் வரிசை முன்பல் நாலையும் நன்றாகத் துடைத்துவிட்டு, தனித்தனியாக இல்லாமல் ஒரே நீள உருளையாக மெழுகை வைத்து அமுக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும், அதோடு சாப்பிடக் கூடாது.